மஞ்சள் பாக்கெட்டின் முகம்

திருவனந்தபுரத்தில் வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறும் பெண்களில் தமிழச்சி யார் என்று கண்டுபிடிக்கக் கண்டக்டர்மாருக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியிருந்ததில்லை. முகம் மஞ்சளாக இருந்தால் தமிழ். மற்றவர்களிடம் மலையாளத்தில் டிக்கெட் கேட்கிறவர், மஞ்சள் முகத்தைக் கண்டதும் 'எங்கம்மா போவுது' என்று தமக்குத் தெரிந்த தமிழை எடுத்து விடுவார். கூடவே ஒரு சிரிப்பு. டிக்கெட்டுக்குத்தான் காசு, சிரிப்பு இலவசம்.

அந்த மஞ்சள் முகங்களில் பாதிக்கு மேல் உலகம்மாளின் கைவேலை.

உலகம்மாளுக்குச் சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம். கல்யாணமான மூன்றாம் மாதம் புருஷன் பேச்சிமுத்துவோடு ரயிலேறியவள். அவன் தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். இவள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் தமிழர் காலனியில் ஓர் அறை வீடு. ஒன்பது வருடம் சிமெண்டுச் சட்டி சுமந்ததில் இடுப்பு பேசத் தொடங்கிவிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடியபோது, ஊரில் அம்மா இடித்த குளியல் பொடி நினைவுக்கு வந்தது.

பொடி செய்வதில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. மில்லில் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். மிளகாய் அரைத்த பிறகு போனால் காலனிப் பெண்கள் மொத்தமும் முகம் எரிந்து அலறுவார்கள். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். திருவனந்தபுரத்து மழையோ சொல்லிக்கொண்டு வருகிற ஜாதி இல்லை. மஞ்சளில் இரண்டு வகை போடுவாள். கஸ்தூரி மஞ்சள் மணத்துக்கு. அது முகத்தில் நிறம் பிடிக்காது. முட்டா மஞ்சள் நிறத்துக்கு. அது பிடித்தால் சாயங்காலம் வரை போகாது.

முட்டா மஞ்சளைப் போடாமலும் ஒரு பொடி வைத்திருந்தாள். அதைப் பழைய செய்தித்தாளில் மடித்து, கதவுக்குப் பின்னால் நின்று, பெயர் சொல்லாமல் கொடுப்பாள். அது புருஷனை இழந்தவர்களுக்கு. தாலி கட்டியவளுக்கு அந்தப் பொடியை மறந்தும் கொடுத்துவிடக் கூடாது, கொடுத்த கை விளங்காது என்பது அவளுடைய எழுதாத சட்டம். இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவளைக் கவிழ்த்தது இதுதான்.

பொடி நன்றாகப் போகத் தொடங்கியதும், தொண்ணூற்றிரண்டில், பாக்கெட் போடலாம் என்று வலியசாலைக்குப் போனாள். அங்கே கல்யாணராமன் அச்சகம் வைத்திருந்தார். அக்ரஹாரத்துக் கல்யாணப் பத்திரிகை, பூணூல் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அவர் அடித்ததுதான். ஒரு படம் வேண்டும் என்றார். அம்மன் படம் போடலாம் என்றார். உலகம்மாள் ஒப்பவில்லை. பெண்கள் பாக்கெட்டைக் கிழித்துச் சாக்கடையில் போடுவார்கள், அம்மன் சாக்கடையில் கிடக்கலாமா என்று கேட்டாள். சாக்கடையில் கிடந்தாலும் சாமி குத்தம் வராத ஒரு முகம் வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்ததுதான் பார்வதியம்மாளின் முகம்.

பார்வதியம்மாள் அவளோடு சட்டி சுமந்தவள், நாலைந்து வயது மூத்தவள், காலனியில் வாய்க்குப் பேர்போனவள். உலகம்மாள் அவளை, அண்ணி முறை வைத்து, மைனி என்றுதான் கூப்பிடுவாள். அகன்ற முகம், ரூபாய் அளவு பொட்டு, வலது மூக்கில் எட்டுக்கல் மூக்குத்தி. ஸ்டூடியோவில் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னதற்கு, குளிக்கிற பொடிக்கு எதுக்குச் சிரிக்கணும் என்று கேட்டாள்.

மஞ்சள் காகிதத்தில் கறுப்பு மையால் அடித்து வந்தது. ஏற்கெனவே கறுத்த முகம் அச்சில் இன்னும் கறுத்துவிட்டது. கன்னம் எது, கொண்டை எது என்று மூக்குத்தியை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பார்வதியம்மாள் பார்த்துவிட்டு, "கொஞ்சமாட்டு வெளுப்பிச்சுப் போடச் சொல்லுட்டி" என்றாள். அடுத்த தடவை அடித்தபோதும் அதையே சொன்னாள். பத்து வருடம், ஒவ்வொரு தடவையும் சொன்னாள். கல்யாணராமனோ, வெள்ளைக்குத் தனி மை கிடையாது என்று அனுப்பிவிடுவார்.

ஆனால் அந்தக் கறுத்த முகத்தால் பார்வதியம்மாளுக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. கடைகளில் 'மூக்குத்திக்காரி பொடி ஒண்ணு குடு' என்றுதான் கேட்டார்கள். கொத்தனார்கள் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டார்கள். காலனியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் நலங்கில் முதல் மஞ்சள் பார்வதியம்மாள் கையால். அவளே பாக்கெட்டைக் கிழித்து, அவளே குழைத்து, மணப்பெண்ணின் இரண்டு கன்னத்திலும் பூசிய பிறகுதான் மற்றப் பெண்கள் கை வைப்பார்கள். முதல் கை வராத வீட்டுக்கு மற்ற கைகளும் வராது. இப்படி ஒரு வழக்கத்தை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, ஆனாலும் அரசாங்க உத்தரவைவிட உறுதியாக நின்றது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் கல்யாணராமன் கம்ப்யூட்டர் வாங்கினார். அன்று பிடித்தது சனி.

கம்ப்யூட்டர் வந்ததும் அவருக்கு அச்சுக்காரர் என்ற நினைப்பு போய், ஆலோசகர் என்ற நினைப்பு வந்துவிட்டது. லேபிள் வாங்கப் போன உலகம்மாளை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முன்பெல்லாம் அவள் நின்றுகொண்டுதான் வாங்கிப் போவாள்.

"கேட்டேளா உலகம்மா, எத்தனை நாளைக்கு இந்தக் காலனி மூஞ்சிகளையே நம்பிண்டிருக்கப் போறேள்? ஊர் முழுக்க மலையாளத்துப் பொம்மனாட்டிகள் இருக்கா. அவாளும் குளிக்கத்தானே குளிக்கறா?"

இது அவளுக்குச் சரியாகவே பட்டது.  போன மாதம்தான் கிழக்கே கோட்டைப் பக்கம் கண்ணாடி அலமாரி வைத்த பெரிய கடை ஒன்றில் பாக்கெட்டோடு ஏறியிருந்தாள். கடைக்காரர் வாங்கிக்கொண்டார், ஆனால் அலமாரியில் வைக்கவில்லை. பின்னால் பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தார். பாண்டிச்சிகளின், அதாவது தமிழச்சிகளின், சாமானத்தை முன்னால் வைத்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பணிவாகவே விளக்கினார். தன் பொடி பினாயிலோடு உட்கார்ந்திருந்ததை நினைத்து அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு தடவையாவது அது கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அந்த ஆசைதான், வேறு பேராசை இல்லை.

புது லேபிள் வந்தது. உலகம்மாள் என்ற பெயர் சமஸ்கிருதக் குளியல் போட்டு 'லோகாம்பிகா ஸ்நான சூர்ணம்' ஆகிவிட்டது. மலையாள எழுத்து பெரிதாக மேலே. தமிழ், தயாரித்த தேதிக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம். பார்வதியம்மாள் இருந்த இடத்தில் கசவுப் புடவை கட்டி, ஈரத் தலையில் துளசிக் கதிர் செருகி, பால்கோவா நிறத்தில் ஒரு பெண். பேச்சிமுத்து அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை நம்ம பொடி தேய்த்தா இப்படி ஆச்சு என்று கேட்டான். பிறகு பரோட்டா போடப் போய்விட்டான்.

இன்னொரு நிபந்தனையும் போட்டார் கல்யாணராமன். மலையாளப் பெண்களுக்கு முகம் மஞ்சளாகக் கூடாது, நிறம் பிடிக்காது என்று லேபிளிலேயே அச்சடித்தாயிற்று, ஆகவே முட்டா மஞ்சளை எடுத்துவிட வேண்டும். காலனிக்குத் தனிப் பொடி, தனி லேபிள் என்றெல்லாம் குழப்பக் கூடாது. ஒரே பொடி, ஒரே லேபிள். அதற்குப் பெயர்தான் மார்க்கெட்டிங். உலகம்மாள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மில்லில் போய் நின்றபோது கை வரவில்லை. முட்டா மஞ்சள் போடாத பொடி எந்தப் பொடி என்று அவளுக்குத் தெரியும். அதைப் புதுப் பாக்கெட்டில் போட்டு ஊரிலுள்ள சுமங்கலிகளுக்கெல்லாம் கொடுப்பதா? மலையாளத்தி என்றாலும் அவளுக்கும் ஒரு புருஷன் இருக்கிறான் அல்லவா, அவன் நன்றாக இருக்க வேண்டாமா? பாதி போட்டாள். மனசு கேட்கவில்லை. மீதியையும் போட்டாள். கல்யாணராமனிடம் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். மற்றவர்களின் மாங்கல்யத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவள் இந்த ஒரு பொய்யைச் சொன்னாள், மாங்கல்யத்துக்கு உரியவர்கள் நன்றி சொல்லவில்லை.

ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலைத் திருவிழாவுக்கு முந்தின நாள் சின்னச் சின்ன உறைகளில் பொடி போட்டு, தெருவெல்லாம் அடுப்புக் கூட்டி வைத்திருந்த பெண்களுக்கு இலவசமாக விநியோகம் நடந்தது. இதுவும் அச்சகத்து ஆலோசனைதான். புகை பட்ட முகத்துக்குக் குளிர்ச்சி என்று சொல்லிக் கொடுக்கச் சொன்னார். எல்லாரும் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். பொங்கலை முடிந்த மறுநாள் காலை புகை போகத் தேய்த்துக் குளித்தார்கள். குளித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்கள்.

கண்டக்டர்களுக்கு அன்று தலை சுற்றியிருக்கும். வெள்ளிக்கிழமையும் இல்லை, பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பாதிப் பேர் மஞ்சள். பத்மஜா என்ற ஆபீஸ் குமாஸ்தா அம்மாளிடம் ஒரு கண்டக்டர், 'எங்கம்மா போவுது' என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் முப்பது வருடம் அந்தப் பஸ்ஸில் போகிறவள். நாயர் தறவாட்டில், பெரிய குடும்பத்தில் பிறந்தவள். அவள் ஆபீசுக்குப் போகவில்லை. நேராகக் கண்ணாடி அலமாரிக் கடைக்குப் போனாள்.

அவள் சொன்னதையெல்லாம் உலகம்மாள் காதால் கேட்டாள். புதுப் பாக்கெட் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற அழகைப் பார்க்க அன்று அவளும் கடைக்கு வந்திருந்தாள். முகத்தை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை என்றாள் பத்மஜா. "மனுஷ்யனெ பாண்டிச்சியாக்குன்ன பொடி" என்றாள். இத்தனைக்கும் அந்த மஞ்சள் அவளுக்கு நன்றாகவே இருந்தது, மகாலட்சுமி மாதிரி இருக்கிறாளே என்றுதான் உலகம்மாள் நினைத்தாள். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பாக்கெட்டுகள் பினாயில் பக்கம்கூட இல்லாமல் ஒரு சாக்கில் கட்டித் திரும்பி வந்தன.

சரி, போகட்டும், நம்ம சனம் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டு காலனிக்குள் நுழைந்தாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளுக்குத் திரும்பிப் போகப் புருஷன் இருந்தானா என்று யாரும் சொல்லவில்லை. உலகம்மாளுக்கு அன்று தெரிந்தது.

பார்வதியம்மாள் குழாயடியில் நின்றிருந்தாள். கையில் புதுப் பாக்கெட். தன் முகம் போய்விட்டது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் முகத்துக்காகச் சண்டை போட்டால் அது சொந்தச் சண்டை ஆகிவிடும், நாலு பேர் சிரிப்பார்கள். ஆகவே அவள் தமிழுக்காகச் சண்டை போட்டாள். தமிழை எறும்பு எழுத்தில் போட்டுவிட்டாள் என்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பார்வதியம்மாளுக்கு அன்று தமிழ் எழுத்தின் மேல் வந்த பாசத்தைப் பார்த்திருந்தால் எந்த மாநாட்டிலும் மாலை போட்டிருப்பார்கள். பாண்டி பாண்டி என்று ஏசுகிறவளுகளுக்கு நம் மஞ்சளை எடுத்துக் கொடுத்துவிட்டு, நமக்கு மொட்டைப் பொடி கொடுக்கிறாள் என்றாள். அது தாலியறுத்தவள் பொடி என்று கூட்டத்தில் ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

தேய்த்தால் மஞ்சள் பிடிக்கவே இல்லை என்று பத்துப் பதினைந்து பேர் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்த அத்தனை முகமும் காலையில் அந்தப் பொடி தேய்த்துப் பழுத்த மாம்பழமாக இருந்தது. ஒருத்தியும் பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய பொடிதான், ஒரு சிட்டிகை குறைக்கவில்லை என்று உலகம்மாள் சொன்னாள். அப்படியென்றால் மலையாளத்திகளையும் ஏமாற்றியிருக்கிறாள், நாளைக்கு நம்மை ஏமாற்ற மாட்டாளா என்று கேட்டார்கள். 

இந்தப் போராளிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர், வேலை வீட்டுப் படி ஏறுமுன் முந்தானையால் முகத்து மஞ்சளை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அரிசிப் பானைக்குள் வெளுக்க வைக்கிற கிரீம் ட்யூப் இல்லாத வீடு அந்த வரிசையில் மூன்றோ நாலோ. பெற்ற பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் 'அம்மே, தமிழ் பறயண்டா' என்று கெஞ்சினால் வாயை மூடிக்கொள்வார்கள். மூக்குத்திக்காரி பொடியை விட்டுவிட்டு வேறு ஏதோ கம்பெனி சோப்பு வாங்கத் தொடங்கினார்கள். அந்தச் சோப்பு உறையில் இருந்த பெண் கசவுப் புடவைக்காரியைவிட இரண்டு மடங்கு வெள்ளை. தமிழ் எழுத்து அதில் அறவே கிடையாது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. அந்தக் கம்பெனிக்காரன் நம்மாள் இல்லையே, அவன் எப்படித் துரோகம் செய்ய முடியும்? துரோகம் செய்யவும் ஒரு உரிமை வேண்டியிருக்கிறது. அது உலகம்மாளுக்கு மட்டும்தான் இருந்தது.

பொடி போகாததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். மகள் பிரேமாவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜவுளிக்கடையில் நிற்கிற பெண். மாப்பிள்ளை பாறசாலைப் பக்கம், வயரிங் வேலை. நலங்குக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வண்டி பிடித்து வருவார்கள். காலனியில் எத்தனையோ பெண்கள் கன்னத்துக்குத் தன் பொடியை அனுப்பியவள் வீட்டில், சொந்த மகளுக்குப் பூச ஒரு கை வராவிட்டால்? உங்கள் தெருவில் பொம்பளையே கிடையாதா என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வாள்? பெற்றவள் முதல் மஞ்சள் பூசக் கூடாது. அதுவும் வழக்கம்தான். அவளுக்கு உறக்கம் போயிற்று. பிரேமாவிடம் சொன்னதற்கு, நலங்கு இல்லாவிட்டால் என்ன, பியூட்டி பார்லர் இருக்கிறதே என்றாள் அவள். பெற்றவளுக்கு அடிக்கக் கை ஓங்கியது. கல்யாணப் பெண் என்று விட்டுவிட்டாள்.

வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு பார்வதியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே வா என்ற வார்த்தை வரவில்லை. நின்றபடியே, வெள்ளிக்கிழமை பிரேமாவுக்கு நலங்கு, வந்து தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

பார்வதியம்மாள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மண்ணு சுமக்கப் போற இடத்துல சின்னப் பய ஒருத்தன் கேக்கான், எக்கா, ஒங்களக் கிழிச்சுட்டாங்களாமேன்னு. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். தமிழும் மஞ்சளும் போய், கடைசியில் அவளுடைய முகம் வெளியே வந்தது. அதைக் கேட்டு உலகம்மாளுக்குக் கோபம் வரவில்லை. தப்புதான் என்று தோன்றியது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

"ஒன் மொகத்தையே திருப்பிப் போடுதேன் மைனி."

முறம் நின்றது. பார்வதியம்மாள் வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உலகம்மாள் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "கொஞ்சமாட்டு வெளுப்பிச்சுப் போடச் சொல்லுட்டி. இப்பந்தான் அந்த சாமிட்ட கம்ப்யூட்டர் இருக்கே."

கல்யாணராமனுக்கு இது தோல்வியாகப் படவில்லை. ரீலாஞ்ச் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். பழைய போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, உலகம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். ஒரு தட்டுத் தட்டினால் கன்னம் மாநிறமானது. இதுபோதும் சாமி என்றாள். இன்னும் ஜோராக வரும், பாருங்கோ என்று இன்னொரு தட்டுத் தட்டினார். நெற்றிச் சுருக்கம் போனது. வெயிலில் சுருங்கிய கண் விரிந்தது. மூக்கு அகலமாக இருக்கிறது என்று அதையும் கொஞ்சம் இழைத்தார். மூக்குத்தியைத் தொட வேண்டாம் என்று உலகம்மாள் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டதால் அது மட்டும் தப்பியது. பெயரும் பழையபடி உலகம்மாள் என்றே, தமிழில், பெரிதாக வந்தது. திரையில் முகம் மினுங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் தெரிந்தவள் ஒருத்தி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால் வேறு யாரோ திறந்த மாதிரி. நலங்குக்கு நாலு நாள்தான் இருந்தது. ஐந்நூறு லேபிள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் பந்தலிட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பாய் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பிரேமா மணையில். தாம்பாளத்தில் புதுப் பாக்கெட்டுகளை முகம் மேலே தெரிய அடுக்கி வைத்துவிட்டு உலகம்மாள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வதியம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் காலனியே வந்தது, குழாயடியில் சத்தியம் செய்தவர்கள் உட்பட. உலகம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பார்வதியம்மாள் மணைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பாக்கெட்டைக் கிழிக்க எடுத்தாள். பத்து வருடமாகத் தன் முகத்தைத் தானே குறுக்காகக் கிழித்துப் பழகிய கை. எடுத்த கை நின்றது. பாக்கெட்டைத் திருப்பினாள். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏட்டி உலகு, இது ஆரு?"

"நீதான் மைனி."

பார்வதியம்மாள் பாக்கெட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். பாக்கெட் கைமாறிப் போயிற்று. துளசி வைத்தவளேதான், கொண்டையை மாற்றியிருக்கிறாள் என்றாள் ஒருத்தி. இல்லை, ஏதோ மெட்ராஸ் நடிகை என்றாள் இன்னொருத்தி. மறுபடியும் ஏமாற்றிவிட்டாள் என்று மூன்றாவது ஆள் முணுமுணுத்தாள். பார்வதியம்மாள் வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டிப் பதினைந்து வருடம் குடியிருந்தவர்கள் அவர்கள். ஒருத்திக்கும் அடையாளம் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உலகம்மாள் குனிந்து, மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள்.

பார்வதியம்மாள் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். காகிதத்தில் இருந்த கல்லை நகத்தால் எண்ணினாள். எட்டு இருந்தது.

"மூக்குத்தி எனக்குள்ளதுதான்," என்றாள். "மூஞ்சி ஆருக்குள்ளது?"

 உலகம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அதன் பின்னால் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "நீ கேட்டதுதான் மைனி. பத்து வருசமா நீ கேட்டதுதான்" என்றாள்.

அந்த இடத்தில் பார்வதியம்மாள் எழுந்து போயிருக்கலாம். போனால் அத்தனை பேரும் பின்னால் போயிருப்பார்கள். அவள் ஒரு நிமிஷம் பிரேமாவைப் பார்த்தாள். மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கன்னம் ஜவுளிக்கடை விளக்குக்காக எதையோ பூசிப் பூசிச் சாம்பல் பூத்திருந்தது. பாக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கமாகக் கிழித்து, பொடியைக் கிண்ணத்தில் கொட்டிக் குழைத்தாள். பிரேமாவின் இரண்டு கன்னத்திலும் அப்பினாள். பிரேமா மெதுவாக, "மதி அத்தே, மதி, போதும்" என்றாள். பார்வதியம்மாள் இன்னொரு கை எடுத்து, பாறசாலை வரைக்கும் தெரிகிற மாதிரி அப்பினாள். பிறகு மற்றக் கைகள் ஒவ்வொன்றாக வந்தன.

எல்லாம் முடிந்து கை கழுவ எழுந்தபோது செம்பை நீட்டிய உலகம்மாளிடம், "அந்தப் பழைய கருப்பியையே போடுட்டி. அவளன்னா நாலு பேருக்குத் தெரியும்" என்றாள்.

தண்ணீர் ஊற்றி முடியும்வரை இருந்துவிட்டு, "பின்ன, கொஞ்சமாட்டு…" என்று தொடங்கினாள். தாம்பாளத்தில் மினுங்கிக்கொண்டிருந்த பாக்கெட்டுகள் கண்ணில் பட்டன. மீதியைச் சொல்லாமல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனாள்.